நாப்பொலிப் பீட்சாவும் நீ எழுதிய இரண்டு வரியும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

சுகமாக இருக்கிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் "ஓம், நல்ல சுகம்" என்றுதான் எழுதுவாய். போன வருடம் மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோதும் அப்படித்தான் எழுதினாய். உன்னை வீட்டில் வைத்திருக்கிற மாமா தனியாக எழுதியிராவிட்டால் எனக்கு அது தெரியவே வந்திராது. ஆகையால் சுகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அலுவலுக்கு வருகிறேன். உன்னுடைய கடிதம் போன கிழமை கிடைத்தது. அதில் எனக்கென்று இரண்டு வரிதான் இருந்தது. மிச்சமெல்லாம் திருச்சி வெய்யிலும், தண்ணீர்ப் பஞ்சமும், மாமியின் முழங்கால் நோவும். ஒரு வரியில், அம்மா வேலை செய்கிற கடையில் செய்வது அசல் பீட்சாதானா என்று கேட்டிருக்கிறாய். உன்னோடு தட்டெழுத்துப் படிக்கிற பெடியன் ஒருவன், அசல் பீட்சா நேப்பிள்ஸில் மட்டும்தான் கிடைக்கும், மற்றதெல்லாம் போலி என்று அடித்துச் சொல்கிறானாம். அடுத்த வரி, அதே மையில், அதே சாதாரணக் கையெழுத்தில்: "என்னை அங்கே கூப்பிடுகிற அலுவலை இனி விட்டுவிடுங்கள் அம்மா, பரவாயில்லை, எனக்கு இந்த இடம் பழகிவிட்டது."

அன்று பின்னேரம் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா தொழிற்சாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னப்பா எழுதியிருக்கிறான்?" என்று கேட்டார். "பீட்சாவைப் பற்றிக் கேட்டிருக்கிறான்" என்று சொன்னேன். பொய் இல்லைத்தானே. கடிதத்தை அவருக்குக் கொடுக்காமல் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த நாள் வேலைக்கும் அதோடுதான் போனேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருக்கிறோம். அவரும் உன் தங்கச்சி ரீற்றாவும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார்கள். நான் குசினி மேசையில் இருந்து உனக்கு எழுதுகிறேன். முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இரண்டாவதுக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்.

பீட்சா என்பது, தம்பி, பாண் மாவை ரொட்டி போலத் தட்டி, மேலே தக்காளி பூசி, சீஸ் தூவி, கடும் சூட்டில் வேக வைப்பது. ரொட்டிக்கு மேலே கறியை ஊற்றிச் சுட்டது என்று நினைத்துக்கொள். நான் முதல் நாள் முதலாளியிடம் அப்படிச் சொல்லித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவருடைய பெயர் சல்வத்தோரே. நேப்பிள்ஸ்காரர். அந்த ஊரை அவர் நாப்பொலி என்பார். சொல்லும்போது கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பார். அவரை நாங்கள் கண்டது கோயிலில். இங்கே கோல்டிங்கில் இருக்கிற சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு டேனிஷ்காரரை விட வியட்நாம்காரரும் போலந்துக்காரரும் நாங்களும்தான் கூட. பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, காலையில் மாக் குழைக்க ஆள் வேண்டும் என்று சொன்னார். அவருடைய மனைவி கிர்ஸ்தன் டேனிஷ்காரி. பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, பின்னேரம் கடையில் கல்லாவில் இருப்பாள். நான் காலையில் போய் மாக் குழைத்து, வெங்காயம் வெட்டி, தட்டுக் கழுவிவிட்டு, ரீற்றா பள்ளிக்கூடத்தால் வருமுன் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

என்னுடைய டேனிஷுக்கு வயது ஒரு மாரிகாலம். அவருடையதுக்குப் பத்து வருடத்துக்கு மேல், ஆனால் வளரவில்லை. அதனால் எங்களுக்குள் நல்ல விளக்கம். டேனிஷ்காரர் பேசினால் எனக்கு வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும், ஒன்றும் பிடிபடாது. சல்வத்தோரே ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைப்பார், கையாலும் சொல்வார், போதாததற்கு முகத்தாலும் சொல்வார். அவர் சொன்னதையெல்லாம் உனக்கு எங்களுடைய பேச்சிலேயே எழுதுகிறேன். அவர் பேசுகிற மாதிரி எழுதப் போனால் கடிதம் முடியாது.

உன் சினேகிதனுக்குச் சொல், அசல் எது என்பதில் சல்வத்தோரேயை விடப் பிடிவாதக்காரன் உலகத்தில் இருக்க முடியாது. "மா, தண்ணி, உப்பு, கொஞ்சம் ஈஸ்ட். எண்ணெய் இல்லை, பால் இல்லை, சீனி இல்லவே இல்லை" என்பார். உருளைக் கட்டையைப் போட்டு உருட்டினால் அது பீட்சா இல்லையாம், உள்ளே இருக்கிற மூச்செல்லாம் போய்விடுமாம், கையாலே நடுவிலிருந்து வெளியே தள்ள வேண்டுமாம். விளிம்பு உப்பி அங்கங்கே கருக வேண்டும், நடு மெல்லியதாக, மடித்தால் கிழியாமல் மடிய வேண்டும். விறகடுப்பிலே, சுடுகிறவன் மூன்று "அருள் நிறைந்த மரியே" செபம் சொல்லி முடிக்குமுன் வெந்திருக்க வேண்டும். மேலே போடுவதிலும் அவருக்கு இரண்டே வகைதான். ஒன்று தக்காளியும் எருமைப்பால் சீஸும் துளசி போல ஓர் இலையும். மற்றது தக்காளி, உள்ளி (அங்கே நீங்கள் பூண்டு என்பது), ஒரு காய்ந்த வாசனை இலை, மேலே எண்ணெய். அதில் சீஸே கிடையாது. அதுதான் பழையது என்பார், கடலுக்குப் போகிறவர்கள் சாப்பிட்டது என்பார். பேசாலைக் கடற்கரையில் பிறந்தவள் நான், கடலுக்குப் போகிறவன் மீன் இல்லாமல் தக்காளியைச் சாப்பிட்டான் என்பதை நம்பவில்லை. ஆனாலும் தலையை ஆட்டி வைத்தேன்.

இவ்வளவும் சொல்கிற மனுசன் கடையில் விற்பது என்ன தெரியுமா? பன்றி இறைச்சியும் அன்னாசியும் போட்டது. குளிர்ப்பெட்டி இறாலும் வெள்ளைச் சோசும் போட்டது. வாழைப்பழமும் கறித்தூளும் போட்டது கூட இருக்கிறது. இவர்களுடைய கறித்தூள் என்பது மஞ்சளாக, இனிப்பாக, பிள்ளைக்குப் பூசுகிற பவுடர் போல ஒரு சாமான். அதை முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். ஒரே தட்டில் இரண்டு பேருடைய ஊரையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கடைக் கண்ணாடியில் "அம்மாவின் கைப்பக்குவம்" என்று டேனிஷில் பெரிதாக எழுதி, மாப் பிசைகிற ஒரு குண்டு அம்மாவின் படமும் கீறியிருக்கிறது. படத்தில் இருப்பது உங்கள் அம்மாவா என்று கேட்டேன். "இல்லை, படம் கீறினவன்ர கற்பனை. என்ர அம்மா மெல்லிசு" என்றார்.

அந்த அளவுக்கு அறிந்தவர் ஏன் அப்படிச் செய்து விற்பதில்லை என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், அவர் மா உருண்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வேறு, மா வேறு என்றார். தக்காளி எரிமலை மண்ணில் விளைய வேண்டும், இங்கே தகரத்தில் வருகிறது. எருமைப்பால் சீஸ் இந்த நாட்டிலேயே இல்லை. அடுப்போ மின்சார அடுப்பு, அது சுடாது, காய வைக்கும். "ஏலாததைச் செய்து போட்டு அதுக்கு நாப்பொலி எண்டு பேர் வைக்கிறது பாவம். அன்னாசியைப் போட்டால் ஒருத்தரும் நாப்பொலியை நினைக்க மாட்டினம். நானும் நினைக்கத் தேவையில்லை. அது எனக்குச் சுகம்" என்றார். நான் குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தேன். வெங்காயம் நல்ல உதவி செய்தது.

எனக்கு ஏன் விளங்கியது என்று உனக்குச் சொல்லத்தான் வேண்டும். உனக்கு விருப்பமான கணவாய்க் கறியை நான் இங்கே வந்த நாள் தொடக்கம் வைத்ததில்லை. ரீற்றா கேட்டபோது, இந்த ஊரில் கணவாய் கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். கிடைக்கும், தம்பி. துறைமுகப் பக்கத்து மீன்கடையில் பெட்டியில் உறைந்து கிடக்கிறது. நான் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வேறு மீன் வாங்கிக்கொண்டு வருவேன். கறியை வைத்து, அது சரியாக வந்தால், அதை இறக்கி வைத்துவிட்டு யாரைக் கூப்பிடுவது?

இனி நான் சொல்லப் போவது போன மாதம் நடந்தது. ஒரு காலை நான் கடைக்குப் போனபோது சல்வத்தோரே அடுப்பைப் போடாமல் கதிரையில் இருந்தார். அம்மா வருகிறாவாம். நாப்பொலியிலிருந்து ரயிலில், தனியாக, எழுபது வயது தாண்டியவ. அவர் ஊரை விட்டு வந்த பிறகு ஒரு தரமும் போகவில்லை, அவவும் வந்ததில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டேன். கடை, என்றார். பிறகு கல்யாணம், பிறகு கடைக்குப் புது அடுப்பு. "அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு பத்துப் பன்னிரண்டு வருசம் போட்டுது" என்றார். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! அந்த மனுசனிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. அவருடைய ஊரில் குண்டு விழவில்லை. ரயிலில் ஏறினால் போய் இறங்கலாம். "உங்களுக்கு வழி இருந்தது, நீங்கள் போகேல்லை. எனக்கு வழியில்லை" என்று தமிழில் சொல்லிவிட்டு மாவைப் போட்டு அடித்தேன். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, தலையைக் குனிந்துகொண்டார்.

அவ வருகிற நாள் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கடையைப் பூட்டிவிட்டு, அன்று பின்னேரம் அசல் நாப்பொலிப் பீட்சா செய்து அம்மாவுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தார். எந்த வகை என்று மூன்று நாள் யோசித்தார். கடைசியில் சீஸ் இல்லாததையே எடுத்துக்கொண்டார். இந்த ஊர்ச் சீஸ் போய் அதைக் கெடுக்காது பார். அடுப்பில் கல் வைத்துக் காலையிலிருந்து சூடேற்றினார். மாவை முதல் நாளே தானே குழைத்துக் குளிரில் வைத்தார். அதற்கு ஒரு கதை இருக்கிறது. நான் வேலைக்குப் போன புதிதில், இந்தக் குளிரில் மா எப்படி எழும்பும் என்று நினைத்து, அப்பத்துக்குப் புளிக்க வைத்த பழக்கத்தில், பெட்டிகளையெல்லாம் ஹீற்றருக்குப் பக்கத்தில் அடுக்கித் துவாயாலும் மூடிவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் மா மூடியைத் தள்ளிக்கொண்டு நிலத்தில் இறங்கியிருந்தது. இந்த முறை அவர் பெட்டிக்குப் பக்கத்தில் என்னை விடவேயில்லை.

ரயில் நிலையத்துக்குப் போகும்போது என்னையும் வரச் சொன்னார். கிர்ஸ்தன் வேலையால் வந்திருக்கவில்லை. "தனியப் போகப் பயமா இருக்கு, நீங்களும் வாங்கோ" என்றார். ஒரு தாயைக் காணத் தனியாகப் போகப் பயப்படுகிற ஆளை நான் அன்றுதான் கண்டேன். மேடையில் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. ரயில் வந்து நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்து கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு மெல்லிய மனுசி இறங்கினா, கையில் கயிறு கட்டிய பெட்டி. சல்வத்தோரே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனார். அவ அவரை ஒரு பார்வை பார்த்தா, வழியில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி. பார்த்துவிட்டு விலகி, அவரைக் கடந்து போய், மேடையின் அந்த முனையில் நின்று அங்குமிங்கும் தேடினா. அவர் போகும்போது ஒல்லி, தலை நிறைய மயிராம். இப்போது வயிறு வைத்து, தலை வழுக்கை. அவர் நீட்டிய கையோடு அப்படியே நின்றார். பிறகு "மம்மா" என்று கூப்பிட்டார். அவ குரலுக்குத்தான் திரும்பினா.

அவ அழவில்லை. அவரும் அழவில்லை. கன்னத்தில் கன்னம் வைத்தார்கள், பெட்டியை அவர் வாங்கினார், நடந்தோம். வழியெல்லாம் பயணத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள் போலிருக்கிறது. தெருவில் முன்னே பின்னே தெரியாத இரண்டு பேர் மரியாதையாகக் கதைக்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கால் இடறிக்கொண்டே வந்தது, தம்பி. நான் அவர்களைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கடைசியாக நான் உன்னைக் கண்டபோது உனக்கு மீசை சரியாக அரும்பவில்லை. நீ இந்தியாவுக்குப் படகேறிய அன்று நான் அழவில்லை. அழுதால் நீ இறங்கித் திரும்பி வந்துவிடுவாய் என்று பயந்தேன். ஆமிக்காரன் பெடியளைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், நீ திரும்பி வரக் கூடாது. அதற்குப் பிறகு நீ அனுப்பிய ஒரே படத்தில் முகம் பாதி நிழல்.

கடைக்கு வந்ததும் சல்வத்தோரே மாவைக் கையால் விரித்து, தக்காளி பூசி, உள்ளியை மெல்லியதாகச் சீவிப் போட்டு, எண்ணெய் விட்டு வைத்துவிட்டு, அம்மாவுக்கு மேல்மாடியில் அறையைக் காட்டப் பெட்டியோடு ஏறினார். "ஒண்டும் செய்ய வேண்டாம், நான் வந்து அடுப்பில வைக்கிறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அந்த வட்டத்தைப் பார்த்தேன். சிவப்பாக, வெறுமையாக, ஏழை வீட்டுச் சாப்பாடு போல இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு தேடி வந்த தாய்க்கு, வந்த அன்றைக்கு, வெறும் தக்காளியும் உள்ளியுமா? இது எங்கள் ஊரில் நடந்தால் வாசலில் வைத்தே கேட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம், இறைச்சி ஆகாது, சரி. மீனுக்கும் இறாலுக்கும் யார் தடை சொன்னது? குளிர்ப்பெட்டியைத் திறந்து இறாலை எடுத்தேன். என் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று நான் எப்போதும் ஒரு சின்னப் போத்தலில் எங்களுடைய கறித்தூள் கொண்டுபோவேன். வெங்காயம், உள்ளி போட்டு, அந்தத் தூளில் மூன்று கரண்டி போட்டு, இறாலைச் சுருளப் பிரட்டி, பீட்சா முழுவதும் பரப்பினேன். அதற்கு மேலே சீஸும் தூவினேன். விருந்தாளியின் தட்டில் நிலம் தெரியக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். அடுப்பிலும் நானே வைத்தேன்.

சல்வத்தோரே இறங்கி வந்து அதைப் பார்த்தபோது வந்த சத்தம் தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். தலையில் கையை வைத்தார், சுவரைப் பார்த்தார், மாதாவைக் கூப்பிட்டார். வேறு மா இல்லை. அந்த ஓர் உருண்டையைத்தான் முதல் நாளே பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார், மிச்சமெல்லாம் கடை மா. அதற்குள் அந்த அம்மா வந்து மேசையில் இருந்துவிட்டா. கிர்ஸ்தனும் வந்து சேர்ந்தாள். வேறு வழியில்லாமல் அதையே வெட்டி முன்னால் வைத்தார். அவ ஒரு துண்டை எடுத்துக் கடித்தா. மென்றா. முகம் சிவந்தது, கண் கலங்கியது, மூக்கால் தண்ணீர் ஓடியது. எங்களுடைய தூளின் காரம் உனக்குத் தெரியும். அவ நிறுத்தவில்லை. இன்னொரு கடி கடித்தா. பிறகு கண்ணீர் தாரை தாரையாக வந்தது, தோள் குலுங்கியது, துண்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டா. காரத்துக்கு அப்படி ஒருவரும் அழுவதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சல்வத்தோரே தண்ணீர்க் கிளாசோடு ஓடி வந்தார், கிளாசை எங்கோ வைத்துவிட்டு அவவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். அவருடைய வழுக்கைத் தலையை அவ இரண்டு கையாலும் பிடித்துத் தடவித் தடவி ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தா. நான் கிர்ஸ்தனின் பக்கம் பார்த்தேன். "என்ன சொல்லுறா?" என்று கேட்டேன். "உன்ர தலைமயிர் எங்கை போட்டுது, எனக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறா" என்றாள்.

பிறகு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தபோது, சல்வத்தோரே என்னைக் காட்டி, இவ கெடுத்துவிட்டா, நான் உங்களுடைய கைப்பக்குவத்தில் செய்ய நினைத்தேன் என்று முறையிட்டார். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. "என்ர கைப்பக்குவமோ? நான் எப்ப பீட்சா சுட்டனான்?" என்று கேட்டா. வீட்டில் அந்த அடுப்பு எங்கே இருந்தது, சந்தியில் இருந்த கடையில் வாங்கித் தந்தேன், நாலாக மடித்துக் கடதாசியில் சுற்றித் தருவார்கள், நீ நின்றபடியே தின்றுவிட்டு சட்டையில் கை துடைப்பாய், அடியும் வாங்குவாய் என்றா. கிர்ஸ்தன் ஒவ்வொன்றாக எனக்கு மெதுவான டேனிஷில் சொல்லச் சொல்ல நான் சல்வத்தோரேயின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடமாகக் கண்ணாடியில் எழுதி வைத்த அம்மாவின் கைப்பக்குவம் சந்திக் கடைக்காரனுடைய கைப்பக்குவமாகப் போய்விட்டது. அவருக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். அவர் சிரித்தார். சட்டையில் கை துடைத்தது மட்டும் நல்ல ஞாபகம் என்றார்.

அடுத்த நாள் காலை அந்த அம்மா தானே கேட்டு, ஒன்றும் போடாமல், தக்காளியும் உள்ளியும் மட்டும் வைத்து ஆளுக்கு ஒன்று சுடச் சொன்னா. கடை மாவில்தான். இறக்கிய கையோடு நாலாக மடித்து, கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மேலங்கியையும் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டா. மேசையில் வைத்துக் கத்தியால் வெட்டித் தின்றால் அது பீட்சா இல்லையாம். நாங்களும் பின்னால் போனோம். அந்தப் பங்குனிக் காற்றில், கடைக்கு முன்னால், ஆளுக்கு ஒன்றாக மடித்துப் பிடித்துக்கொண்டு நின்று தின்றோம். போகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நாக்குச் சுட்டது, மூக்கு விறைத்தது. தக்காளி தகரத் தக்காளி, அடுப்பு மின்சார அடுப்பு, தண்ணீர் கோல்டிங் தண்ணீர். ஆனாலும் அந்த அம்மா கடித்துவிட்டுத் தலையை ஆட்டினா, இதுதான் என்றா. சல்வத்தோரே என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அழுகிற முகத்தை முதலாளிக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

ஆகவே உன் சினேகிதனுக்கு இப்படிச் சொல். மாவிலும் மண்ணிலும் அவன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அது பார்சல் கட்டுகிற சாமான் இல்லை. அடுப்பால் இறக்கிய கையோடு, பக்கத்தில் நிற்கிற ஆளுக்குக் கொடுத்தால்தான் அது அது. ஆறினால் எந்த ஊரில் சுட்டதும் ஒன்றுதான், செருப்புத் தோல். வாக்குவாதத்தில் யார் வென்றது என்று நீங்கள் இரண்டு பேரும் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இனி உன் இரண்டாவது வரி. அந்த "பரவாயில்லை" என்ற சொல்லை நீ ஊருக்கெல்லாம் பாவித்துக்கொள், மாமிக்குப் பாவித்துக்கொள், பஸ்ஸில் காலை மிதிக்கிறவனுக்கும் பாவித்துக்கொள். எனக்குப் பாவிக்காதே. பெற்றவளுக்கு மரியாதை காட்டுவதாக நினைத்து எழுதியிருக்கிறாய், தெரியும். எனக்குச் சுமை கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாய், அதுவும் தெரியும். ரயில் மேடையில் அந்தத் தாயும் மகனும் அப்படித்தான் ஒருவருக்கொருவர் சுமை கொடுக்காமல் நடந்து வந்தார்கள். அதைப் பார்த்த கண்ணால்தான் உன் வரியைப் படித்தேன். எனக்கு உன்னில் ஏக்கம், தம்பி. சோறு போடும்போது ஏக்கம், பிள்ளையள் சைக்கிளில் போகும்போது ஏக்கம். ரீற்றா டேனிஷில் ஏதாவது கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கும்போது, அண்ணன் இருந்தால் இவளுக்குத் தமிழில் பதில் சொல்லியிருப்பான் என்று ஏக்கம். இதைப் போன கடிதங்களில் எழுதாமல் விட்டது நானும் உன்னைப் போல மரியாதைக்காரியாக இருந்ததால்தான். உனக்கு நான் சொல்லக் கூடிய புத்தி இது ஒன்றுதான்: வேண்டியவர்களிடம் வேண்டும் என்று கேட்டுப் பழகு. அவர்களாக உணர்ந்துகொள்வார்கள் என்று இராதே. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

உன்னைக் கூப்பிட முடியுமா என்று கேட்க மாசியில் இன்னொரு தரம் குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன், இதை நான் உனக்குச் சொல்லவில்லை. அங்கே இருந்த பெண் நல்லவள், கோப்பியும் தந்தாள். பதினெட்டு வயதைத் தாண்டிவிட்டான், வளர்ந்த ஆள், சட்டப்படி அவனுக்கு இனித் தாய் தகப்பன் தேவையில்லை என்று மெதுவாக, எனக்கு விளங்குகிற டேனிஷில் சொன்னாள். எனக்கு அவன் தேவை என்று சொல்ல வேண்டிய டேனிஷ் அன்று என்னிடம் இருந்தது. சொன்னேன். அவள் பேனையை எடுக்கவில்லை. அவளில் குற்றமில்லை, அதை எழுதுவதற்கு அவளிடம் இடம் இருக்கவில்லை.

நீ இங்கே வர வழியில்லை, ஊருக்கு நான் போக வழியில்லை. ஆனால் அகதிகளுக்கென்று இவர்கள் தந்த பயணப் புத்தகத்தில் இலங்கையைத் தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த ரயில் மேடைக்குப் போய்வந்த கிழமையே விண்ணப்பித்தேன், இந்தியாவுக்கு விசா கிடைத்துவிட்டது. நேற்றுத்தான் உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார். "அடுத்த வருசம் எல்லாரும் சேர்ந்து போகலாமே" என்றார். அந்த அடுத்த வருசத்தை நான் ரயில் நிலையத்தில் நேரில் பார்த்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அவர் என் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். சல்வத்தோரே லீவு தந்துவிட்டார். எத்தனை நாள் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு கிழமை எடுக்கும். நீ யோசித்து, "வேண்டாம் அம்மா, வீண் சிரமம்" என்று மரியாதையாக ஒரு பதில் எழுதினால், அது இங்கே வர இன்னும் இரண்டு கிழமை. அதற்குள் நான் மெட்ராசில் இறங்கித் திருச்சிக்கு ரயில் பிடித்திருப்பேன். ஆகையால் எழுதி முத்திரையை வீணாக்காதே. எழுதினாலும் அதைப் பிரித்துப் படிக்க இங்கே நான் இருக்க மாட்டேன்.

அம்மா